முழித்துக்கொண்ட மலை

கூவைமலை முழித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். குவாரிக் கம்பெனிக்காரர்கள் தெற்குச் சரிவில் இரண்டாவது வெடியை வைத்து, புகை அடங்கி, சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பாறை இடுக்கிலிருந்து முதலில் ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது. பிறகு மரமும் பாறையும் ஆடும் மாடும் கூவைப்பதி என்ற மலைக்குடியிருப்பின் குடிசைகளும் கம்பெனியின் மஞ்சள் இயந்திரங்களும் மேலே இருக்கும்போதே, தூங்கி எழுகிறவர்களின் நெஞ்சு போல மலை மெல்ல மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, அதற்குப் பிறகு நிற்கவே இல்லை.

கம்பெனி ஆட்கள் சோற்றை அப்படியே விட்டுவிட்டு லாரியில் தொற்றிக்கொண்டு கீழே ஓடினார்கள். பதிக்காரர்கள் ஓடவில்லை. மலை தூங்குகிறது என்று அவர்களுக்கு எப்போதும் தெரியும். தூங்குகிற ஒன்று ஒருநாள் முழிப்பதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் அவர்கள் இருந்தார்கள். பதிக்கு மூப்பனாக, தலைமைப் பொறுப்பில் இருந்தவள் நஞ்சி. அப்பன் செத்த அன்று, பெண்ணுக்கு எதற்கு மூப்பன் பட்டம் என்று கேட்டவர்களிடம், அப்படியானால் நாளைக்கு யானை வந்தால் நீங்களே போய்ப் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் சாமை குத்தப் போய்விட்டாள்; அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அந்த நஞ்சி இப்போது இடுப்பில் குடத்தோடு பாறை இடுக்குக்குப் போய், உள்ளேயிருந்து வந்த சூடான காற்று முகத்தில் அடிக்க, தண்ணீரைப் பொறுமையாக உள்ளே ஊற்றினாள்.

"எதுக்கு முழிச்சுதுன்னு கேக்கலையா?" என்று பின்னால் வந்தவர்கள் கேட்டார்கள்.

"முழிச்சவங்களுக்கு மொதல்ல வாய் கொப்பளிக்கத் தண்ணி குடுக்கோணும். கேள்வியெல்லாம் அப்புறம்," என்றாள் நஞ்சி.

அன்றிலிருந்து பதியில் எல்லாமே மூச்சுக்குத் தகுந்தபடி நடந்தது. பெண்கள் மலை ஏறும்போது உலக்கையைத் தூக்கி, இறங்கும்போது குத்தினார்கள். பாதி வேலையை மலையே செய்தது. கைக்குழந்தைகளின் தொட்டிலை யாரும் ஆட்ட வேண்டியிருக்கவில்லை. கள் குடித்துவிட்டு வளைந்து வளைந்து நடக்கும் சொட்டையன், தரையும் அவனுக்கு எதிர்ப்பக்கம் வளைந்ததால், வாழ்க்கையில் முதல்தடவையாக நேராக நடந்து வீடுபோய்ச் சேர்ந்தான். அவன் பெண்டாட்டி அதைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவனை உள்ளே விடவில்லை. கம்பெனி லாரிக்காக வெட்டிய மலைப்பாதையில் வரும் ஒற்றைப் பேருந்தின் நடத்துனர் கடைசி வளைவுக்கு முன்னால் விசிலை ஊதி, "மூச்சு, மூச்சு" என்று கத்துவார், பேருந்து நிற்கும், மலை உள்ளிழுத்து முடித்து வெளியே விடும்போது அந்த இறக்கத்தோடு இறக்கமாக வண்டி வளைவைக் கடக்கும். அடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த ரசாக் பாய் டம்ளரை முக்கால்தான் நிரப்பினார். மீதி எங்கே பாய் என்று கேட்டால், அது மலைக்கு விட்ட இடம் என்றார்.

மலை முழித்த செய்தி பரவியதும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வெள்ளை உடை, கழுத்தில் மணிமாலை, தண்ணீர் பாட்டில். மலையோடு சேர்ந்து மூச்சுவிட்டால் உள்ளே ஏதோ திறக்கும் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நஞ்சி அவர்களைத் துரத்தவில்லை. ஆளுக்கொரு களைக்கொத்தைக் கொடுத்து ராகிக் காட்டுக்கு அனுப்பினாள். பாதிப்பேர் மத்தியானத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் ஒருவர், ஆதிகுடிகளின் ஞானத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர், கைப்பேசியை நீட்டி, "இந்த மலை உங்ககிட்ட என்னம்மா சொல்லுது?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்குது. நீங்க நாத்து மேல நிக்கறீங்க."

கம்பெனிக்குத்தான் பெரிய சங்கடம். குத்தகைக்கு எடுத்த நிலத்தை அளந்து காட்ட வேண்டும். நிலஅளவையாளர் மலை மூச்சை இழுக்கும்போது அளந்தால் ஒரு கணக்கு வந்தது, விடும்போது அளந்தால் வேறு கணக்கு. நட்ட எல்லைக்கல் மறுநாள் பக்கத்து ஆளின் பலாமரத்தடியில் நின்றது. தாலுகா அலுவலகத்துக்குப் போன வரைபடங்கள் எல்லாம், கோடுகள் ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்தன. கடைசியில் மேலிடத்திலிருந்து வந்த பொறியாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: மூச்சு வருகிற அந்தப் பாறை இடுக்கில் துளைபோட்டு, சிமெண்டுக் கூழை அழுத்தி ஏற்றி அடைத்துவிட்டால் மலை அசையாது. செய்யலாம், ஆனால் பதிக்காரர்கள் கூட்டம் கூடிச் சம்மதம் தர வேண்டும் என்று சட்டம் சொன்னது. அதனால்தான் ரேவதி மேலே அனுப்பப்பட்டாள்.

ரேவதி சத்தியமங்கலத்தில் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். கணவன் ஜெகநாதன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, பிசிறில்லாத தமிழ். மலை முழித்த அன்று லாரியில் ஓடிவந்தவர்கள் அலுவலகத்தில் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னபோது, எல்லாரும் வாயடைத்து நிற்க, அவள் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டபிறகுதான் கேட்டது அவளுக்கே தெரிந்தது. மேலாளர் பூபதிராஜன் கண்ணாடியைக் கழற்றி அவளையே பார்த்தார். அன்று சாயந்திரம் அறைக்குக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நீங்க அந்த ஊருங்களா ரேவதி?"

அவள் மேசைமேல் இருந்த கோப்புகளை அடுக்கினாள்.

"தப்பா நெனைக்காதீங்க. இது எவ்வளவு பெரிய உதவி தெரியுங்களா? உங்க ஆளுங்க நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

கூவைப்பதியில் பிறந்தபோது அவள் பெயர் ரேசி. படிக்க விடுதிக்குப் போனவள், அங்கே மற்ற பிள்ளைகள் சிரித்ததால் பெயரை மாற்றினாள், பேச்சை மாற்றினாள், கல்யாணத்தின்போது ஊரையும் மாற்றிச் சொன்னாள். அப்பனும் அம்மையும் போய்ச் சேர்ந்தபின் மிச்சம் இருந்தவள் தங்கை நஞ்சி மட்டும்தான். ரேசி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, ஒரு கூடை நெல்லிக்காயும் ஒரு சீசா தேனுமாக நஞ்சி வாசலில் வந்து நின்றாள். கணவன் வீட்டார், இது யார் என்று கேட்டார்கள். ரேசி, "வேலைக்கு வரச் சொல்லியிருந்தேன்" என்றாள். நஞ்சி அக்காவின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பந்தி முடியும்வரை பாத்திரம் கழுவினாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு வரவும் இல்லை.

பேருந்திலிருந்து இறங்கி வந்த ரேசியை நஞ்சி ராகிக் காட்டின் ஓரத்தில் நின்று பார்த்தாள். கையில் மண்.

"வாங்க மேடம்," என்றாள், பதிப் பேச்சில் இல்லாமல் தமிழில். "உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

ரேசி தங்கள் பேச்சில் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை வரவில்லை. அடுக்களையில் எங்கேயோ வைத்த சாமானைத் தேடுவது போலத் தேடினாள்; கிடைக்கவில்லை. அவளும் தமிழிலேயே, கூட்டத்தைப் பற்றி, கம்பெனி தரப்போகும் வீடுகளைப் பற்றி, தார்ச்சாலையைப் பற்றிச் சொன்னாள். நஞ்சி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், வெளியூர் அதிகாரிகள் பேசும்போது கேட்பாளே அதுபோல.

"சரிங்க மேடம். பதிக்காரங்ககிட்டச் சொல்றேன். நீங்க பள்ளிக்கூடத்துல தங்கிக்கோங்க. பாய் இருக்குது."

அங்கே தங்கிய நாட்களில் ரேசிக்குத் தலை சுற்றியது. மலை இழுக்கும்போது அவள் விட்டாள், மலை விடும்போது இழுத்தாள். நடந்தால் கால் இடறியது, சாப்பிட்டால் குமட்டியது. பதிக்காரர்கள் அவளோடு மரியாதையாகத்தான் பேசினார்கள், அந்த மரியாதைதான் அவளைக் குத்தியது. ஊரில் ஒரு நாய்கூட அவளைப் பார்த்துக் குரைக்காமல், வாலையும் ஆட்டாமல், பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பிக்கொண்டது.

நாலைந்து நாள் போனபின் ஒரு காலையில் மாதிக்கு வலி கண்டது. மாதி நஞ்சியின் பக்கத்து வீட்டுக்காரி, தலைச்சன் பிரசவம். ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் நின்றுவிட்டது. ஓட்டுநர் புது ஆள், மலையின் மூச்சுக்கு வண்டி ஓட்டப் பழகவில்லை. மற்றப் பெண்கள் காட்டுக்குள் கிழங்கு தோண்டப் போயிருந்தார்கள். நஞ்சி பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "மேடம், முதுகப் பிடிச்சுக்க ஒரு ஆளு வேணும்" என்றாள்.

ரேசி சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். மாதி அவள்மேல் சாய்ந்தாள். மாதியின் வேர்வை அவள் பருத்திச் சேலையை நனைத்தது. முன்னால் நஞ்சி குந்தியிருந்தாள். மலை இழுத்தது, நிறுத்தியது, விட்டது. மாதி தப்பான நேரத்தில் முக்கி, களைத்து, என்னால் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவளைப் பிடித்திருந்த ரேசிக்கு அந்த உடம்பின் துடிப்பு தன் உடம்புக்குள்ளேயே கேட்டது. அப்போது, யாரும் சொல்லித்தராமல், அவள் நெஞ்சு தானாக விரிந்து மலையோடு சேர்ந்து காற்றை இழுத்தது. அடிவயிறு வரைக்கும், இடுப்பு எலும்பு வரைக்கும், தான் மறந்துபோன இடங்களுக்கெல்லாம் அந்தக் காற்று போனது. விடுதியில் முதல்நாள் அந்தப் பிள்ளைகள் சிரித்தபோது பாதியில் நிறுத்திய மூச்சு அது. அதற்குப் பிறகு இத்தனை காலமும் தான் மேல்மூச்சு மட்டுமே வாங்கிப் பிழைத்திருந்தது அவளுக்கு விளங்கியது. வெளிச்சம் ஒன்றும் தெரியவில்லை, குரல் ஒன்றும் கேட்கவில்லை. நிறைய நாள் மூடிக்கிடந்த வீட்டின் சன்னலைத் திறந்ததுபோல இருந்தது, அவ்வளவுதான். மலை விட்டது. அவளும் விட்டாள். விடும்போது அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது.

பிள்ளை பெறுகிறவளின் காதில் அவர்கள் பெண்கள் சொல்லும் சொல் அது. தமிழில் அதற்கு நேர்ச்சொல் கிடையாது. விடு என்பதும் வா என்பதும் ஒன்றாகக் கலந்தது, தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துச் சொல்வது. ரேசி அதை மறுபடி சொன்னாள், மலையின் ஒவ்வொரு மூச்சுக்கும் சொன்னாள். மாதி அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மலை இறங்கும்போதெல்லாம் தானும் இறங்கி, உச்சிப்பொழுது ஆவதற்குள் ஒரு பெண்குழந்தையைப் பெற்றாள். குழந்தை முதல் மூச்சை மலையோடு சேர்ந்தே இழுத்தது. அதற்கு வேறு மாதிரி தெரியாது.

நஞ்சி கொடியை அறுத்துக் கட்டி, குழந்தையைத் துடைத்து மாதியின் மேல் வைத்தாள். பிறகு நிமிராமலே, தங்கள் பேச்சில், "அக்கா, அடுப்புல சுடுதண்ணி இருக்குது. கையக் கழுவிக்கோ" என்றாள்.

ரேசி அடுப்படிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினாள்.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனவள் ஜெகநாதனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். அவன் செப்புக்கம்பி சுற்றிக்கொண்டே கேட்டான்.

"எனக்குத் தெரியும் புள்ள," என்றான். "கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க சித்தப்பா விசாரிச்சுட்டு வந்து சொல்லிட்டாரு. எனக்கு அது ஒண்ணும் பெருசாப் படல. நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்."

அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்.

"அப்ப அன்னைக்கு நஞ்சி பாத்திரம் கழுவுனப்ப, அவ யாருன்னு தெரிஞ்சேதான் பாத்துட்டு இருந்தீங்களா?"

ஜெகநாதன் கம்பியைச் சுற்றுவதை நிறுத்தினான். அவள் மாற்றுச் சேலையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி பேருந்து ஏறினாள்.

கூட்டம் அடிவாரத்தில், அரசுப் பள்ளி மைதானத்தில் சாமியானா போட்டு நடந்தது. கோட்டாட்சியர் தமயந்தி வந்திருந்தார். தொண்டை கட்டியிருந்ததால் சுக்குத் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பேசினார். மலையின் மூச்சு அங்கேயும் எட்டியது. சாமியானா உப்பி உப்பி அடங்கியது, மேசைமேல் இருந்த காகிதங்கள் ஒவ்வொன்றின்மேலும் ஒரு கல் வைத்திருந்தார்கள். பதிக்காரர்கள் கைக்குழந்தைகளோடு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பின்னால் கீழ்நாட்டு விவசாயிகள், டீக்கடையைப் பூட்டிவிட்டு வந்த ரசாக் பாய், பேருந்து நடத்துனர், களைக்கொத்தை வாங்கிக்கொண்டவர்களில் தாக்குப்பிடித்த இரண்டு மூன்று பேர். கடைசி வரிசையில் மொபெட்டை நிறுத்திவிட்டு ஜெகநாதன்.

பூபதிராஜன் முன்னாலேயே ரேசியைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார்.

"அவங்க பாஷைல என்ன வேணாலும் பேசட்டும். நீங்க தமிழ்ல சொல்றப்ப, 'நிபந்தனையோட சம்மதம்'ங்கற எடத்துல கொண்டுவந்து நிறுத்திடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன். உங்களுக்கும் நல்லது, அவங்களுக்கும் நல்லதுங்க."

நஞ்சி எழுந்து ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தாள். தமிழ் நன்றாகத் தெரிந்தவள், அன்று ஒரு சொல்கூடத் தமிழில் பேசவில்லை. பேசி நிறுத்தினாள். ரேசி சொன்னாள்:

"சாலை கேட்டு எங்க அப்பன் காலத்துல இருந்து மனு குடுத்திருக்கோம், மலையில சாலை போட வழியே இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. லாரி வரணும்னதும் ஒரே மாசத்துல வழி கெடச்சுடுச்சு. அப்ப வழி இருந்துச்சு, நாங்கதான் உங்க கண்ணுக்குத் தெரியல. இப்படிச் சொல்றாங்க."

பூபதிராஜன் செருமினார். நஞ்சி மறுபடி பேசினாள். ரேசி மறுபடி சொன்னாள்:

"மலை இழுக்கற மூச்சு எங்களுது. விடற மூச்சு கீழ வந்து உங்க வாழைக்கும் மஞ்சளுக்கும் காத்தா வீசுது. அத அடைச்சா எங்களுக்கு மட்டும் அடைக்காது. அடைக்கிறவங்க மொதல்ல அவங்கவங்க மூக்கப் பிடிச்சுப் பாக்கட்டும்."

கீழ்நாட்டு விவசாயிகள் பக்கம் சலசலத்தது. அப்போது நஞ்சி ஒலிபெருக்கியை விட்டு விலகி, அதிகாரிகளுக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்தும் தன் ஆட்களைப் பார்த்தும் தாழ்ந்த குரலில் நீளமாக ஏதோ சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த கிழவர்கள் சிரித்தார்கள். மாதி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். சொட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். நஞ்சி திரும்பினாள்.

"இப்ப என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார் கோட்டாட்சியர்.

"அது உங்களுக்குச் சொன்னது இல்லீங்க மேடம்," என்றாள் ரேசி.

"இது அரசாங்கக் கூட்டம்மா. பேசுறது எல்லாம் பதிவாகணும்."

"சொல்ல மாட்டேன்னுட்டாங்கன்னு எழுதிக்கோங்க. எங்ககிட்ட இருக்கறது எல்லாத்தையும் கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுத்துட்டே இருக்க முடியாதுங்க. கொஞ்சம் எங்களுக்கு வேணும்."

பூபதிராஜன் எழுந்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. "ரேவதி, நீங்க கம்பெனி ஸ்டாஃப். ஞாபகம் வச்சுக்கோங்க."

"இல்லீங்க சார். என் பேரு ரேசி. நான் நஞ்சியோட அக்கா." அவள் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் திருப்பினாள். "எங்க வீட்டுப் பால்காய்ச்சுக்குத் தேன் கொண்டுவந்தவள வேலைக்காரின்னு சொன்னேன். எச்சப் பாத்திரம் கழுவ விட்டேன். அத இங்க எல்லாரும் கேக்கட்டும்னு சொல்றேன்."

பின்வரிசையில் ஜெகநாதன் எழுந்து நின்றான். அவனுக்கும் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, சொல்லத் தெரியாமல் நின்றுகொண்டே இருந்தான். நஞ்சி அக்காவின் முழங்கையைப் பிடித்து, தங்கள் பேச்சில், "அத வீட்டுல பேசிக்கலாம். இப்ப வேலையப் பாரு" என்றாள்.

கோட்டாட்சியர் சுக்குத் தண்ணீரை ஒரு வாய் குடித்தார். "சரி. சம்மதம் இல்லைன்னா, ஏன்னு காரணம் எழுதணும்."

"எங்க வீட்ட இடிக்காதீங்கன்னு சொல்றதுக்கு எதுக்குங்க காரணம்? இடிக்கறவங்கதான் காரணம் சொல்லோணும்," என்றாள் ரேசி.

பிறகு பதிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, தங்கள் பேச்சில் ஒரே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கோட்டாட்சியர் ஒவ்வொரு தடவையும் ரேசியைப் பார்த்தார். ரேசி ஒவ்வொரு தடவையும், "இல்லை" என்றாள். கிழவர் வந்து சொன்னார், "இல்லை" என்றாள். மாதி வந்து சொன்னாள், "இல்லை" என்றாள். சொட்டையன் நேராக நடந்து வந்து சொன்னான், "இல்லை" என்றாள். வெயில் சாமியானாவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போனது. கடைசி ஆள் சொல்லி முடித்தபின், ரேசி ஒலிபெருக்கிக்கு முன்னால் தானே வந்து நின்று, அந்தச் சொல்லை முதலில் அவர்கள் பேச்சில் சொன்னாள், பிறகு தமிழில் சொன்னாள். கோட்டாட்சியர் எழுதினார். எழுதும்போது அவர் கை, அவர் அறியாமலே, சாமியானாவோடு சேர்ந்து ஏறி இறங்கியது.

ஆனாலும் துளைபோடும் வண்டிகள் வந்தன. மலை அசைவது ஆபத்து, அதனால் சம்மதம் தேவையில்லை என்று மேலிடத்தில் ஒரு உத்தரவு வாங்கியிருந்தார்கள். ராகி அறுப்பு நேரம். அறுவடையை ஒரு கூட்டம் பார்த்துக்கொள்ள, ஒரு கூட்டம் பாறை இடுக்கைச் சுற்றி உட்கார்ந்தது. பகலுக்குப் பகல் ஆள் மாறி மாறி உட்கார்ந்தது. வேலை போன ரேசி அங்கேயே இருந்தாள். ஜெகநாதன் கடையைப் பூட்டிவிட்டு அரிசி மூட்டையோடு வந்தவன், அன்று சாப்பிட்டவர்களின் பாத்திரங்களை யாரும் கேட்காமலேயே எடுத்துப்போய் ஓடையில் கழுவினான். நஞ்சி அதைப் பார்த்தாள்; மறுநாள் அவனிடம் பாத்திரம் தேய்க்கும் கரி எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

போலீஸ் வந்து எல்லாரையும் வேனில் ஏற்றி, கீழ்நாட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் அடைத்தது. மலையின் மூச்சு அவ்வளவு தூரம் எட்டாது என்று எல்லாருக்கும் தெரியும். மண்டபத்தில் பாய்கூட இல்லை. அவர்கள் தரையில் தோளோடு தோள் நெருங்கி உட்கார்ந்தார்கள். நஞ்சி இழுத்தாள், ரேசி இழுத்தாள், ஜெகநாதன் கொஞ்சம் தாமதமாக இழுத்தான். எல்லாரும் விட்டார்கள். காவலுக்கு நின்ற பெண் போலீஸ் முதலில் மின்விசிறி ஆடுகிறது என்று நினைத்தாள். மின்விசிறி ஓடவில்லை. மாவிலைத் தோரணம் ஆடியது, அடுக்கி வைத்த நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று உரசின, மண்டபத்தின் தளம் மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் மெதுவா விடுங்க, மேல சுண்ணாம்பு உதிருது" என்றாள். சாயந்திரம் அவர்களை விட்டுவிட்டார்கள். விடாவிட்டால் மண்டபம் தாங்காது என்று அதன் சொந்தக்காரர் சண்டை போட்டிருந்தார்.

அவர்கள் நேராகப் பாறை இடுக்குக்கே திரும்பிப் போய் உட்கார்ந்தார்கள். துளை வண்டி ஓட்டியவர்கள் அடிவாரத்து ஊர்க்காரர்கள். ரசாக் பாய் கடையில் முக்கால் டம்ளர் டீ குடித்துப் பழகியவர்கள். ஒருநாள் காலையில் அவர்களில் ஒருவன் இயந்திரத்தை அணைத்துவிட்டு, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். மற்றவர்கள் அவனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு இயந்திரமாக அணைந்தது. வண்டிகள் பல நாள் அப்படியே நின்று, மழையில் துருவேறி, கடைசியில் கம்பெனியே வேறு ஆட்களைக் கூட்டிவந்து இழுத்துப்போனது. கம்பெனி ஓய்ந்துவிடவில்லை. ஆற்றுக்கு அந்தப்பக்கம், கருங்கரடு என்ற குன்றைக் கேட்டு மனுப் போட்டது.

தை மாதம் பாதியில் கருங்கரட்டிலிருந்து கெம்பி என்ற பெண்ணும் அவள் கூட ஏழெட்டுப் பேரும் ஆறு தாண்டி நடந்து வந்தார்கள். அவர்கள் பேச்சு வேறு, சாமி வேறு. நஞ்சி அவர்களுக்குக் களியும் கீரையும் போட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு கெம்பி கையைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"வெள்ளிக்கிழம எங்க ஊர்ல கூட்டம் வச்சிருக்காங்க. உங்க மலை முழிச்சுது, உங்களக் காப்பாத்திக்கிச்சு. எங்க கரடு தூங்கியே கெடக்குது. கூப்பிட்டுப் பாத்தோம், ஆடு வெட்டிப் பாத்தோம், அசையல. உங்களுத எப்படி எழுப்புனீங்கன்னு கேட்டுப் போலாம்னு வந்தோம்."

நஞ்சி ரேசியைப் பார்த்தாள். ரேசிக்குச் சிரிப்பு வந்தது.

"நாங்க எழுப்பலீங்க. அதுவா முழிச்சுது. எங்களக் காப்பாத்தவும் இல்ல, அது பாட்டுக்கு மூச்சுதான் விட்டுச்சு."

"அப்ப எங்களுக்கு வழி?"

"உங்க கரடு தூங்கட்டும்," என்றாள் ரேசி. "தூங்கறத எதுக்கு எழுப்பறீங்க? நீங்க முழிச்சு ஆத்தத் தாண்டி வந்துட்டீங்கல்ல."

வியாழக்கிழமை காலையில் கூவைப்பதியிலிருந்து போகக்கூடியவர்கள் எல்லாரும் கிளம்பினார்கள். குழந்தையைத் தூளியில் கட்டிக்கொண்டு மாதி முன்னால் நடந்தாள். பேருந்து நிரம்பி, கூரைமேலும் ஆட்கள் ஏறினார்கள். நடத்துனர் டிக்கெட் பையைத் தட்டிக்கொண்டே நஞ்சியிடம், "அத்தன பேரும் கருங்கரட்டுக்கா? அங்க உங்களுக்கு என்னக்கா வேல?" என்று கேட்டார்.

"இல்லைன்னு சொல்லப் போறோம்," என்றாள் நஞ்சி. "எங்களுக்கு நல்லாச் சொல்ல வரும்."

வண்டி கிளம்பியது. மலை இறங்கி, ஆற்றுப்பாலம் தாண்டி, மூச்சு எட்டாத சமவெளிச் சாலையில் ஓடும்போதும் பேருந்து ஏறி ஏறி இறங்கிக்கொண்டே போனதை, சாலையோரத்தில் மஞ்சள் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.